பதினோராவது ரீலும் நாலு வீட்டு வரகும்

நீங்கள் பொய் சொன்னீர்கள். போன மாதம் அரியலூரில் புதிதாகக் கட்டிய சினிமாக் கொட்டகையைத் திறந்து வைத்து, கழுத்து நிறைய மாலையோடு நின்று, ஊரே கேட்கப் பொய் சொன்னீர்கள்.

திறப்பு விழாவுக்குப் போட்ட படம் லஞ்சம் வாங்குகிற ஒரு திவானைப் பற்றியது. சுதந்திரம் வந்த பிறகு இந்த மாதிரிப் படங்களுக்கு நல்ல மவுசு. நீங்களும் அதைப் பாராட்டித்தான் பேசினீர்கள். இப்படிப்பட்ட படங்களை ஒவ்வொரு அதிகாரியும் முடிவு வரைக்கும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றீர்கள். உங்கள் சர்வீஸ் காலத்தில் மனுவோடு வந்தவன் எவனும் பதில் வாங்காமல் திரும்பியதில்லை என்றும் சொன்னீர்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். நான் பின்னால் வாசல் கதவை ஒட்டி நின்றிருந்தேன். கை தட்டாமல் நின்றதற்கு என்னை ஒருத்தன் திரும்பிப் பார்த்தான்.

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. எந்த ஊர் ஆபீஸ், என்ன பதவி என்றும் எழுதவில்லை. பெயரைப் போட்டால் நீங்கள் வக்கீலை விட்டுப் பேசச் சொல்வீர்கள். எனக்கு உங்கள் வாயால் பதில் வேண்டும். நான் யார் என்று இந்தக் கதையின் பாதியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

யுத்தம் நடந்த வருஷங்களில் நான் டூரிங் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தேன். பெரம்பலூரில் நாலு மாதம், அரியலூரில் நாலு மாதம், நடுவில் சந்தை கூடுகிற ஊர்களில் கொஞ்ச நாள் என்று கூடாரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். ஆற்று மணலைக் கொட்டித் தரை போடுவோம். பெண்களுக்குத் தனி இடம், நடுவில் ஒரு தட்டி. பின்னால் பெஞ்சு. அதற்கும் பின்னால், நான் மெஷின் ஓட்டும் தகரப் பெட்டிக்கு முன்னால், ஆறு நாற்காலி. அந்த ஆறும் உங்களைப் போன்றவர்களுக்கு. அதில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நீங்கள் யாரும் வராத நாளிலும் காலியாகத்தான் கிடக்கும்.

எங்களிடம் இருந்தது ஒரே மெஷின். ஒரு ரீல் முடிந்தால் படம் நிற்கும், விளக்கைப் போடுவோம், அடுத்த ரீலை மாட்டுவேன், விளக்கை அணைப்போம். பதினோரு ரீல் படத்துக்குப் பத்துத் தடவை விளக்கு எரியும். ஜனங்கள் அதற்குள் முறுக்கு தின்பார்கள், பிள்ளையை வெளியே கூட்டிப் போவார்கள், நடந்த கதையைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

யுத்தத்தில் புதுப் படங்கள் குறைந்துபோயின. கையில் இருந்ததையே திரும்பத் திரும்ப ஓட்டினோம். அதில் ஒரு படம் எங்கே போட்டாலும் கூட்டம் வந்தது. ஏதோ ஒரு தேசம், ஏதோ ஒரு ராஜா. அந்த ராஜாவின் தானியக் களஞ்சியத்துக்கு ஓர் அதிகாரி. பஞ்சம் வருகிறது. அதிகாரி ஊர் ஊராகப் போய், ராஜாவின் உத்தரவு என்று சொல்லிக் குடியானவன் வீட்டுத் தானியத்தை அள்ளுகிறான். களஞ்சியத்துக்குப் பாதி, தன் மாமனார் ஊருக்குப் பாதி. எதிர்த்துக் கேட்ட ஒரு குடியானவனைச் சிறையில் போடுகிறான். வெள்ளைக்காரன் ஆண்ட நாளில் கோட்டு போட்ட அதிகாரியை அப்படிக் காட்டியிருந்தால் படம் பெட்டியை விட்டு வெளியே வந்திருக்காது. அதனால் ஜரிகைத் தலைப்பாகையைக் கட்டி, இடுப்பில் ஒரு கத்தியைச் செருகி அனுப்பினார்கள். தலைப்பாகைக்கு உள்ளே இருப்பது யார் என்று மணல் தரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவன் குதிரையில் வந்து இறங்கும்போது, "நம்ம ஆளு கேம்ப் வந்துட்டான்டா, மூட்டைய ஒளி" என்று எவனாவது குரல் கொடுப்பான். கூடாரமே சிரிக்கும். நாற்காலியில் ஆள் இருக்கும் நாளில் அந்தக் குரல் வராது.

அந்தப் படத்தின் பதினோராவது ரீலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜாவுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. தலையை வெட்டச் சொல்வான் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ராஜா வெட்டச் சொல்லவில்லை. சந்தை நடுவில் ஒரு கல்லைப் போட்டு அதிகாரியை அதன் மேல் நிற்கச் சொல்கிறான். குறை உள்ள எவனும் வந்து கேட்கலாம். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவன் கல்லை விட்டு இறங்கக் கூடாது. அவ்வளவுதான் தண்டனை. ஒரு கிழவி வருகிறாள், ஒரு வண்டிக்காரன் வருகிறான், சிறையிலிருந்து வந்த குடியானவன் வருகிறான். அதிகாரி முதலில் முறைக்கிறான். பிறகு ராஜாவின் உத்தரவு என்கிறான். பிறகு எனக்குத் தெரியாது என்கிறான். வெயில் ஏறுகிறது. கடைசியில் குடியானவன் கேட்கும் கேள்விக்கு வாய் திறந்து, ஆமாம், தெரிந்துதான் செய்தேன் என்கிறான். படம் முடிந்துவிடும். நான் அதை எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். அந்த 'ஆமாம்' வரும்போது கூடாரத்தில் இருமல் சத்தம்கூடக் கேட்காது.

என் அக்காவைக் குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தோம். அக்கா புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் என்னை மாப்ள என்பார். மானம் பார்த்த பூமி. வரகு, சோளம், கொஞ்சம் பருத்தி. மாமா படம் பார்க்கிற ஆள் இல்லை. சித்திரையில் பெரம்பலூரில் கூடாரம் இருந்தபோது மச்சினன் வேலையைப் பார்க்கலாம் என்று வந்தார். இரண்டு நாள் தொடர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தார். இரண்டு நாளும் கடைசி ரீல் ஓடியது, ஏனென்றால் நீங்கள் அப்போது அரியலூர்ப் பக்கம் இருந்தீர்கள். முடிந்ததும் என் தகரப் பெட்டிக்கு வந்து, "அடிக்கல, ஒதைக்கல, நிக்க வச்சே கொன்னுட்டான் மாப்ள" என்று சொல்லிச் சிரித்தார்.

ஆனி மாதம் நீங்கள் அவர் ஊருக்குப் போனீர்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விதையை அவரவர் வீட்டில் வைக்க மாட்டார்கள். பங்காளிகள் நாலு வீடு என்றால், யார் வீட்டு அறை ஈரம் ஏறாமல் இருக்கிறதோ அங்கே நாலு வீட்டு விதையும் ஒன்றாக இருக்கும். வீட்டில் இருந்தால் பசிக்கிற நாளில் கை அதன் மேல் போகும். பொதுவில் இருந்தால் ஒருத்தனுக்கு ஒருத்தன் காவல். மாமா வீட்டு அறைக்கு அந்த வருஷம் முறை வந்தது. சாம்பலும் காய்ந்த நொச்சித் தழையும் கலந்து மூட்டை கட்டி அடுக்கியிருந்தார்கள். ஒரு வீட்டில் எவ்வளவு தானியம் இருக்கலாம் என்று உங்களிடம் ஒரு உத்தரவு இருந்தது. ஒரே அறையில் நாலு வீட்டு வரகைப் பார்த்ததும் பதுக்கல் என்றீர்கள்.

அக்கா அப்போது அங்கேதான் நின்றாள். நடந்ததை அவள் சொன்னபடி எழுதுகிறேன். மணியக்காரர் உங்களிடம், "விதைங்க. நாலு வூட்டு விதைங்க" என்றார். நீங்கள் ஒரு மூட்டையை அவிழ்க்கச் சொன்னீர்கள். ஒரு கை அள்ளினீர்கள். கையில் சாம்பல் ஒட்டியது. தின்கிற வரகில் எவனும் சாம்பல் கலக்க மாட்டான். முகர்ந்து பார்த்தீர்கள். "தெரியுது" என்றீர்கள். கை துடைக்க அக்காவிடம் துண்டு கேட்டு வாங்கினீர்கள். துடைத்துவிட்டு, கதவைச் சாத்தி அரக்கு வைத்து முத்திரை போடச் சொன்னீர்கள்.

துண்டைத் திருப்பிக் கொடுத்தீர்கள். அதை அக்கா சொல்ல மறக்கவில்லை.

விசாரணை முடிகிற வரைக்கும் முத்திரையை உடைக்கக் கூடாது, உடைத்தால் ஜெயில். ஆடியில் மழை விழும். விழுந்த ஈரத்தில் விதைத்தால்தான் உண்டு, பின்னால் விதைத்தால் வைக்கோல்கூடத் தேறாது. மாமா உங்கள் ஆபீசுக்குப் போனார். நீங்கள் கேம்ப். வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். மறுபடி போனார். மறுபடியும் கேம்ப். ஏலாக்குறிச்சிப் பக்கத்து வாத்தியார் ஒருவர், மாதா கோயில் வேதக்காரர், மனுவை முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். எழுத்து அழகாக இருந்தால் படிப்பார்கள் என்று நம்பினார், பாவம். உங்கள் சேவகன் அதை வாங்கி அலமாரியின் மேல் வைத்தான். மூன்றாம் தடவை போனபோது அது அங்கேயே இருந்ததை மாமா பார்த்தார். மேலே ஒரு தீப்பெட்டி இருந்ததாம்.

நீங்கள் தவறாமல் வந்து உட்கார்ந்த ஒரே இடம் எங்கள் கூடாரம். சனிக்கிழமை சனிக்கிழமை வந்தீர்கள். ஆடி பிறந்தபோது நாங்கள் அரியலூரில் இருந்தோம், அந்தப் படத்தையே மறுபடியும் போட்டிருந்தோம். நான்தான் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். பன்னிரண்டு மைலுக்கு மேல் நடந்து வந்தார். என்னைத் தேடிக்கொண்டு தகரப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தார்.

அவர் யோசனை இதுதான். பதினோராவது ரீல் முடிந்து விளக்கு எரியும்போது கேட்பது. "அந்த ரீலப் பாத்துட்டு ஒக்காந்திருக்கறப்ப, எல்லாரும் இருக்கறப்ப, மாட்டேன்னு எப்படி மாப்ள சொல்லுவாரு? ஜனமும் விடாதே" என்றார். பங்காளிகள் மூன்று பேரும் வருவதாகச் சொன்னார்கள். மாமா எழுந்தவுடன் அவர்களும் எழுந்து, நாலு வீட்டு விதை, எங்களதும் அதில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தனியாக ஆபீசில் சொல்லப் பயம், எங்கள் மேலும் பதுக்கல் கேஸ் போடுவார்கள் என்று. கூட்டத்தில் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது நினைத்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அன்றைக்கு அப்படித் தெரியவில்லை. ஒவ்வொரு ஊரிலும் அந்தக் குடியானவனுக்காக ஜனங்கள் அழுததை நான் என் தகரப் பெட்டியின் ஓட்டை வழியாகப் பார்த்தவன். நானும் நம்பினேன்.

முதல் சனிக்கிழமை நீங்கள் மூன்று ரீல் முடிந்து நாலாவது ஓடும்போது வந்தீர்கள். மேனேஜர் ஓடி வந்து தகரத்தைத் தட்டினார். "நிறுத்துப்பா. ஐயா வந்துட்டாரு. மொதல்லேருந்து போடு."

இது அன்றைக்கு மட்டும் நடந்தது இல்லை. நீங்கள் வரும் ஒவ்வொரு நாளும் இதுதான். ஒரு சனிக்கிழமையாவது நேரத்தோடு வருவீர்கள் என்று நம்பித்தான் மாமாவை வரச் சொல்லியிருந்தேன். கதை புரியாது என்பீர்கள். ஓடின ரீல்களை நான் மறுநாள் காலையில்தான் திருப்பிச் சுற்றுவேன். நீங்கள் வந்தால் அங்கேயே உட்கார்ந்து மூன்று ரீலையும் கையால் சுற்ற வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும். அதுவரைக்கும் கூடாரமே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பார்த்ததையே மறுபடியும் பார்க்கும். கரண்ட் தரும் எங்கள் இன்ஜினுக்கு மண்ணெண்ணெய் உங்கள் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும். ஒன்பது மணிக்கு மேல் இன்ஜின் ஓடக் கூடாது என்று அந்தச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்கள். பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்தால் பதினோரு ரீலும் ஒன்பதுக்குச் சரியாக முடியும். நீங்கள் வந்து முதலிலிருந்து போடச் சொன்னால் ஏழு ரீலுக்கு மேல் போகாது. ஒன்பது அடித்ததும் போலீஸ்காரர் வாசலில் வந்து நிற்பார். குடியானவன் சிறையில் இருப்பான், அதிகாரி குதிரையில் இருப்பான், படம் முடிந்தது என்று ஜனங்களை வெளியே அனுப்புவோம். நீங்கள் வருகிற நாளாகப் பார்த்து வந்தவனுக்கு அந்தப் படத்தில் அதிகாரிதான் ஜெயித்தான்.

அன்றைக்கும் ஏழாவது ரீலோடு நின்றது. மாமா மணலில் உட்கார்ந்தபடி என் ஓட்டையைத் திரும்பிப் பார்த்தார். விளக்கு எரிந்ததும் நீங்கள் எழுந்து மேனேஜரிடம் பேசியது தகரத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"கதை நல்லாத்தான்யா இருக்கு. முடிவு என்ன?"

"அந்த அதிகாரிய சந்தையில நிறுத்திக் கேள்வி கேக்கறாங்க சார்."

"கேட்டு?"

"பதில் சொல்றான் சார்."

"இவ்வளவுதானா" என்றீர்கள். சிரித்துக்கொண்டே போனீர்கள்.

இரண்டாவது சனிக்கிழமையும் இதே கதை. அதற்குள் முதல் மழை பெய்துவிட்டது. குன்னம் பக்கம் எல்லாப் புன்செய்க் காடும் நனைந்துவிட்டது. மற்றவர்கள் ஏர் பூட்டிவிட்டார்கள். மாமா நிலத்தை உழுது போட்டுவிட்டு வெறும் கையோடு நடந்து வந்தார். கால் முழுக்கச் செம்மண். விதை இரவல் கேட்டாரா என்று கேட்டேன். கேட்டிருக்கிறார். பதுக்கல் கேஸ் இருக்கிறவனுக்கு விதை கொடுத்தால் தங்கள் மேலும் வரும் என்று எவனும் கொடுக்கவில்லை. அக்கா என்ன சொல்கிறாள் என்றேன். காலில் இருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் பத்து நாள் ஈரம் நிக்கும் மாப்ள. அதுக்கு மேல தொறந்தா என்ன, தொறக்காட்டி என்ன" என்றார் போகும்போது.

மூன்றாவது சனிக்கிழமை நான் ஒரு வேலை செய்தேன். நீங்கள் வழக்கம்போல வந்தீர்கள். வழக்கம்போல நிறுத்தினேன், சுற்றினேன், முதலிலிருந்து போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது முடிந்து விளக்கு எரிந்தபோது ஐந்தாவது ரீலை எடுக்கவில்லை. பதினோராவதை எடுத்து மாட்டினேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

திரையில் சந்தை வந்தது. கல் வந்தது. கூட்டத்தில் கொஞ்சம் குழப்பம், இவன் எப்போது சிறைக்குப் போனான் என்று ஒருத்தன் கேட்டான். ஏற்கெனவே பார்த்தவர்கள் அவனை அடக்கினார்கள். பிறகு எல்லோரும் படத்துக்குள் போய்விட்டார்கள். கிழவி கேட்டாள். வண்டிக்காரன் கேட்டான். பெண்கள் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. உங்கள் பின்னந்தலை எனக்கு நேர் எதிரே இருந்தது. அசையாமல் இருந்தது. 'ஆமாம், தெரிந்துதான் செய்தேன்' என்று அவன் சொன்னான். ரீல் தீர்ந்தது. விளக்கு எரிந்தது.

மாமா எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். நாற்காலிப் பக்கம் திரும்பி நின்றார்.

"ஐயா, வரகு விதைங்க. நாலு வூட்டு விதை. நீங்க கையில எடுத்துப் பாத்தீங்க. மழை பேஞ்சுடுச்சுங்க. கதவத் தொறந்து விடச் சொல்லுங்க."

கூடாரம் அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவருக்காக என்று நினைத்தேன். பங்காளிகள் மூன்று பேரையும் ஓட்டை வழியாகத் தேடினேன். தரை வரிசையில் இருந்தார்கள். மூன்று பேரும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. மேனேஜர் பக்கம் திரும்பினீர்கள்.

"ரீல மாத்திப் போட்டுட்டானா?"

"ஆமாங்க சார். ஆபரேட்டர் தப்பு."

"அஞ்சாவதப் போடச் சொல்லு."

அஞ்சாவதில்தான் அரண்மனை நாட்டியம் வரும். மாமா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "பதில் சொல்லச் சொல்லுங்க, ஒக்காந்துக்கறேன்" என்றார். இதை உங்களிடம் சொல்லவில்லை. ஜனங்களைப் பார்த்துச் சொன்னார். இவ்வளவு நேரம் ஒரு குடியானவனுக்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து.

"யோவ், உக்காருய்யா. மறைக்குது" என்று ஒரு குரல் வந்தது.

இன்னொருத்தன், "படத்துல நடிக்க வந்துட்டாருப்பா. தலப்பாவ ஒண்ணு கட்டி வுடுங்க" என்றான். சிரித்தார்கள். பிறகு நாலு பக்கத்திலிருந்தும் உட்காரு, உட்காரு என்று சத்தம். பெண்கள் பக்கத்திலிருந்தும் வந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒரு மூட்டை இருந்தது, அந்த நாற்காலியில் நீங்கள் இருந்தீர்கள்.

மேனேஜர் தகரத்தைத் தட்டினார். "போடுறியா இல்லையா? நாளைக்குச் சீட்டு இல்லன்னா உன் சோத்துக்கும் மண்ணு, என் சோத்துக்கும் மண்ணு."

நான் போட்டேன்.

ஐந்தாவது ரீலை மாட்டி, மெஷின் விளக்கின் கார்பன் குச்சிகளைச் சேர்த்து, வெளிச்சத்தைத் திறந்தேன். மாமா இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர் தலையும் தோளும் திரையில் விழுந்தன. நாட்டியக்காரி அந்த நிழலுக்குள் ஆடினாள். அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். தன் நிழலைப் பார்த்திருப்பார். யாரோ வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். உட்கார்ந்துவிட்டார்.

வெளியே போகும்போது உங்கள் சேவகன் அவரிடம் வந்து, திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச் சொன்னான். போனார். நீங்கள் கேம்ப்.

முத்திரையைப் புரட்டாசியில் உடைத்தார்கள். நீங்கள் வரவில்லை. ஒரு சேவகன் சைக்கிளில் வந்து அரக்கைக் கல்லால் தட்டிவிட்டு, ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். விசாரித்ததில் அது விதைத் தானியம் என்று தெரிகிறது, பதுக்கல் இல்லை என்று காகிதத்தில் இருந்தது. ஆவணி மழையில் அந்த அறையின் கூரை ஒரு மூலையில் ஒழுகியிருக்கிறது. முத்திரை இருந்ததால் யாரும் உள்ளே போய்ச் சரி பண்ணவில்லை. அக்கா கதவைத் தள்ளினாளாம். மூட்டைகளைக் கிழித்துக்கொண்டு வரகு முளைத்திருந்தது. வெயில் படாததால் வெள்ளையாக, மயிர் மயிராக. அடியில் இருந்தது அழுகி நாறியது. நாலு வீட்டு விதை. அந்த நாலு காடும் அந்த வருஷம் தரிசு.

பங்காளிகள் மூன்று பேரும் மாமாவிடம் விதை கேட்டார்கள். உன் வீட்டில் இருந்தது, நீதான் பொறுப்பு என்றார்கள். கூடாரத்தில் எழுந்து நிற்காத கால்கள் அவர் வாசலில் வந்து நின்றன. மாமா மாட்டை விற்றார், பிறகு காட்டை விற்று அவர்களுக்குக் கொடுத்தார். அக்காவைக் கூட்டிக்கொண்டு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போனார். இன்றைக்கும் உடைக்கிறார். மழை மேகத்தைப் பார்த்தால் வீட்டுக்குள் போய்விடுகிறார் என்று அக்கா சொன்னாள். என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை பேசினார்.

"அவரு பதில் சொல்லாததுகூடச் சரி. நீ ஏன் மாப்ள போட்ட?" என்று கேட்டார்.

என் பதிலை இங்கே எழுதுகிறேன். சோற்றுக்குப் பயந்து போட்டேன். தெரிந்துதான் போட்டேன். அந்த வேலையை அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட என்னால் செய்ய முடியவில்லை, ஆனால் அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. அன்றைக்கு ராத்திரி மெஷின் என் கையில் இருந்தது. நான் நிறுத்தி வைத்திருந்தால் விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கும், அவர் நின்றுகொண்டே இருந்திருப்பார், நீங்கள் ஏதாவது ஒன்று சொல்லித்தான் ஆகியிருக்க வேண்டும். நான் இருட்டைக் கொடுத்து உங்களைக் காப்பாற்றினேன்.

இனி உங்கள் முறை. புதுக் கொட்டகையில் இரண்டு மெஷின் இருக்கிறது, நடுவில் விளக்கு எரிவதில்லை. அதனால் படம் ஆரம்பிக்கும் முன்பு வாருங்கள். திறப்பு விழாவில் நீங்கள் நின்ற அதே மேடையில், அதே ஜனங்களுக்கு முன்னால் நில்லுங்கள். மாலை வேண்டாம். மாமா வருவாரா என்று தெரியாது. அவர் வராவிட்டால் நான் கேட்கிறேன். எனக்கு இருப்பது ஒரே கேள்வி. கையில் சாம்பலோடு வரகை அள்ளி முகர்ந்து பார்த்து "தெரியுது" என்றீர்கள். விதை என்று தெரிந்தும் அந்தக் கதவில் அரக்கு வைக்கச் சொன்னது ஏன்?

பதில் சொல்லிவிட்டு இறங்குங்கள்.